சுற்றுலாத் தீவைப் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் முறை

பள்ளி மாணவர்களுக்கான சிறு கலைக்களஞ்சியம் ஒன்றை மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து தொகுத்து வருகிறோம். ஆறு, மலை, நகரம் என்று வரும் கட்டுரைகளைவிடத் தீவுகளைப் பற்றி வரும் கட்டுரைகளுக்குத்தான் சிவப்பு மை அதிகம் செலவாகிறது. மலையைப் பற்றி எழுதும்போது உயரத்தையும் பாறையையும் ஒழுங்காகச் சொல்லிவிடும் அதே மாணவர், தீவு என்றதும் சுற்றுலா முகவராக மாறிவிடுகிறார். "அலைகள் தாலாட்டும் சொர்க்கம்" என்று தொடங்கிய ஒரு கட்டுரையில், அந்தச் சொர்க்கம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை அறிய நான் மூன்றாம் பத்தி வரை நீந்த வேண்டியிருந்தது. அப்படி வந்த கட்டுரைகளைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டவற்றை, இனி எழுதப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ராமேசுவரத்திலிருந்து வரும். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் அன்றே பார்த்துத் திரும்பக்கூடிய தீவு எங்களுக்கு அது ஒன்றுதான்.

முதல் வேலை: எந்தத் தீவு, எந்த எல்லை

எழுத உட்காரும் முன், நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை ஒரு தனித்தாளில் ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். வேடிக்கையாகத் தோன்றும் இந்த யோசனையைத்தான் நான் எல்லாவற்றிலும் முதன்மையாகச் சொல்வேன், ஏனெனில் தீவுக் கட்டுரைகளில் வரும் எண் பிழைகளில் பாதிக்கு மேல் கணக்குப் பிழைகள் அல்ல, பெயர்க் குழப்பங்கள். ராமேசுவரம் என்ற பெயர் ஒரு கோயில் நகரத்தைக் குறிக்கிறது. அந்த நகரத்தை ஆளும் நகராட்சியைக் குறிக்கிறது. நகராட்சிக்கு வெளியே தங்கச்சிமடம், பாம்பன் ஆகிய ஊராட்சிகளையும் உள்ளடக்கிய முழுத் தீவையும் குறிக்கிறது. அந்த முழுத் தீவுக்குப் பாம்பன் தீவு என்று இன்னொரு பெயரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராமேசுவரத்தின் மக்கள்தொகை 44,856 என்று இருப்பது நகராட்சிக்கு உரிய எண். அதைத் தூக்கித் தீவின் மக்கள்தொகை என்று எழுதிவிட்டால், இரண்டு ஊராட்சிகளில் வாழும் ஆயிரக்கணக்கான மக்களைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடலில் தள்ளிவிட்டார் என்று பொருள். பரப்பளவிலும் இதே கதைதான் நடக்கிறது: நகராட்சியின் பரப்பும் தீவின் பரப்பும் வெவ்வேறு எண்கள், இரண்டையும் கலந்து, ஒன்றின் மக்கள்தொகையை இன்னொன்றின் பரப்பால் வகுத்து, சதுரக் கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று மக்களடர்த்தி வரை கண்டுபிடித்து அனுப்பியவர்களும் உண்டு. வகுத்தல் சரியாகவே இருந்தது.

தனி நாடாக இருக்கும் தீவுகளிலும் இந்த வலை விரிந்தே கிடக்கிறது. மொரீசியஸ் குடியரசின் பரப்பு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். ஆனால் மொரீசியஸ் என்ற தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர்தான், மீதியில் பெரும்பகுதி ரோட்ரிக்ஸ் முதலிய பிற தீவுகளுக்கு உரியது. நாட்டைப் பற்றிய கட்டுரையில் முதல் எண்ணும், தீவைப் பற்றிய கட்டுரையில் இரண்டாம் எண்ணும் வரவேண்டும்.

தீவுக்கூட்டமாக இருந்தால், எண்ணைச் சொல்லும் முன் எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். லட்சத்தீவு என்ற பெயரைக் கேட்டு மலைத்துப்போகும் மாணவர்களிடம், அங்குள்ளவை 36 தீவுகள்தாம், அவற்றுள் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே என்று சொல்ல நேர்கிறது. அதன் நிலப்பரப்பு வெறும் 32 சதுர கிலோமீட்டர். ஆனால் அத்தீவுகளைச் சூழ்ந்த காயல்களின் பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் என்றும், கடல்வளங்களில் நாட்டுக்குத் தனி உரிமை உள்ள தனிப் பொருளாதாரக் கடற்பகுதி ஏறத்தாழ 4 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும் அரசுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. மூன்றும் சரியான எண்கள், மூன்றையும் "பரப்பளவு" என்ற ஒரே சொல்லால் குறித்தால் மூன்றும் பிழையாகிவிடும். மலேசியாவின் லங்காவி இதைவிடச் சுவையானது: அது 99 தீவுகள் கொண்டது என்று ஒரு நூலும் 104 தீவுகள் கொண்டது என்று இன்னொரு நூலும் சொல்லும். கடல் வற்றும்போது மேலும் ஐந்து திட்டுகள் தலைகாட்டுகின்றன என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். இத்தகைய இடத்தில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைப்பதைவிட, ஏற்றத்தில் 99, வற்றத்தில் 104 என்று இரண்டையும் எழுதினால் அந்த ஒரு வரியே வாசகருக்குக் கடல் ஏற்றவற்றத்தைப் பற்றிய ஒரு பாடமாகிவிடும்.

இருப்பிடத்தை நம் வீட்டு வாசலிலிருந்து அளக்காதீர்கள்

எங்கள் மாணவர்கள் எழுதும் ராமேசுவரக் கட்டுரைகள் "மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில்" என்றே தொடங்குகின்றன. தொலைவு சரிதான், ஆனால் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ இருந்துகொண்டு அதே பக்கத்தைப் புரட்டும் தமிழ் வாசகருக்கு மதுரை ஏன் உலகின் நடுவாக இருக்க வேண்டும் என்பது விளங்காது. தீவின் இடத்தை அதைச் சூழ்ந்த நீராலும் அதற்கு எதிரே உள்ள நிலத்தாலும் சொல்லுங்கள்: வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, மேற்கே பாம்பன் கால்வாய்க்கு அப்பால் மண்டபம் நிலமுனை, தென்கிழக்கே நீளும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகளின் தொடர், அதன் மறுகோடியில் இலங்கையின் மன்னார்த் தீவு. மதுரை வேண்டுமென்றால் போக்குவரத்துப் பத்தியில் வரட்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எழுதுவதில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை இங்கே விரித்துச் சொல்வது நல்லது. ராமேசுவரத்தின் அட்சரேகையைக் கைப்பேசி வரைபடம் 9.28 என்று பதின்மத்தில் காட்டும். அதை அப்படியே 9 பாகை 28 கலை என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை என்பதால் 0.28-ஐ அறுபதால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 17 கலை. இந்த 11 கலை வேறுபாடு தாளில் அற்பமாகத் தெரியும், கடலில் அது 20 கிலோமீட்டர். அதாவது ராமநாதசுவாமி கோயிலைக் கட்டுரையாளர் பாக்கு விரிகுடாவின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். கடல் தொலைவுகளில் மைல் என்று வந்தால் அது தரை மைலா கடல் மைலா என்று பாருங்கள்: கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைல் ஏறத்தாழ 1.609 கிலோமீட்டர். சதுர மைலைச் சதுர கிலோமீட்டராக்க 1.6-ஆல் பெருக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 2.59-ஆல் பெருக்க வேண்டும்.

புதியது என்ற சொல்லின் ஆயுள்

மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்கக்கூடாது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய மண்டபத்துக்கு இன்றும் புதுமண்டபம் என்றுதான் பெயர். பெயராக ஒட்டிக்கொண்ட பிறகு அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டுரையாளர் தாமாக எழுதும் "புதிய", "தற்போது", "அண்மையில்", "சில ஆண்டுகளுக்கு முன்" போன்ற சொற்கள் அச்சேறும் முன்பே ஊசிப்போகத் தொடங்குபவை. பாம்பனில் 1914-இல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டபோது அதுவே மக்கள் வாயில் புதிய பாலமாக இருந்தது. 2025 ஏப்ரலில், நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலெழும் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. ஆகவே "பாம்பன் புதிய பாலம்" என்று மட்டும் எழுதப்பட்ட வரியைப் படிப்பவர், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று தெரியாமல் எந்தப் பாலம் என்று சொல்லமுடியாது. ஆண்டோடும் வகையோடும் எழுதுங்கள்: 1914-இன் ரயில் பாலம், 1988-இன் சாலைப் பாலம், 2025-இன் தூக்கு ரயில் பாலம். ஒவ்வொரு எண்ணுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-இன் எண்ணை எழுதுவதில் குற்றமில்லை. ஆண்டைச் சொல்லாமல் எழுதுவதுதான் குற்றம்.

பெயர்களுக்கும் ஆண்டு உண்டு. அந்தமானில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் செல்லும் ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. நீல் தீவு ஷகீத் தீவாயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சிங்கப்பூரின் செந்தோசா ஒரு காலத்தில் பூலாவ் பிளாக்காங் மாத்தி என்று அழைக்கப்பட்டது. கட்டுரையை நடப்புப் பெயரில் தொடங்கிப் பழைய பெயரையும் மாறிய ஆண்டையும் முதல் பத்தியிலேயே தரவேண்டும், ஏனென்றால் பழைய நூலைப் படித்துவிட்டு வரும் வாசகர் பழைய பெயரில்தான் தேடுவார். ஆனால் 1942-இல் நடந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது அன்றைய பெயரையே எழுதி, இன்றைய பெயரை உடன் சேர்ப்பது முறை.

உச்சநிலைச் சொற்கள் இன்னும் வேகமாகக் கெட்டுப்போகும். 1914-இன் பாம்பன் பாலம் "இந்தியாவின் மிக நீளமான கடற்பாலம்" என்று பல நூல்களில் இன்னமும் இருக்கிறது. 2009-இல் மும்பையில் பாந்த்ரா-வொர்லி கடற்பாலம் திறக்கப்பட்டதோடு அந்தப் பெருமை கைமாறிவிட்டது. "இந்தியாவின் முதல் கடற்பாலம்" என்ற பெருமை மட்டும் யாராலும் பறிக்கமுடியாதது. முதல் என்பதை நம்பலாம், மிக என்பதை நம்பாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு, முதல் என்பதற்கும் சான்று கேட்டுவிட்டுத்தான். ராமநாதசுவாமி கோயிலின் பிராகாரம் உலகிலேயே நீளமானது என்று எழுதுவதைவிட, மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் இருப்பதாகச் சொல்லப்படுவதை எழுதினால், வாசகர் தூண்களின் வரிசையைத் தாமே மனத்தில் நீட்டிப் பார்த்துக்கொள்வார்.

அழகு என்பதற்குப் பதிலாக

சுற்றுலாத் தீவைப் பற்றி எழுதும்போது அழகைச் சொல்லவே கூடாதா என்று கேட்கிறார்கள். சொல்லலாம், ஆனால் அந்த அழகு எதனால் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். மாலத்தீவின் கடல் வெளிர்நீலமாக இருப்பது, வளையமாக வளர்ந்த பவளத்திட்டுகளுக்கு உள்ளே நீர் ஆழமில்லாமலும் அடியில் வெண்மணலாகவும் இருப்பதால், ஒளி அடிவரை சென்று திரும்பி வருவதால்தான். அந்த வெண்மணலில் பெரும்பங்கு, பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் அரைத்து வெளியேற்றியது. இந்த இரண்டு வாக்கியங்களைப் படித்த மாணவருக்கு "கண்ணைப் பறிக்கும் நீலம்" என்ற தொடர் தேவைப்படுவதில்லை. அத்துடன் அந்நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும், பெரும்பாலான நிலம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் அளவே உயர்ந்தது என்பதையும் சேர்த்தால் அழகோடு அச்சமும் புரியும். முதல் சுற்றுலா விடுதி 1972-இல்தான் திறக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். அதற்கு முன்பு அந்த மக்கள் மாசிக் கருவாடு காயவைத்து விற்று வாழ்ந்தார்கள் என்பது நம் சமையலறை வரை வந்து சேர்ந்த செய்தி.

ராமேசுவரத்துக் கடலை "அமைதியான கடல்" என்று ஒரு கையேடும் "சீறும் கடல்" என்று இன்னொரு கையேடும் எழுதுகின்றன. தனுஷ்கோடிச் சாலையில் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பாக்கு விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இந்த வழக்கைக் கட்டுரையில் சேருங்கள், வழக்கு என்று குறிப்பிட்டே சேருங்கள். கூடவே, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாக்கு விரிகுடாப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கொந்தளிப்பாக இருக்கும் என்பதையும் எழுதுங்கள். அப்போதுதான் மாதத்தைப் பொறுத்துக் கடல்கள் குணம் மாறுவது தெரியும். "ஆண்டு முழுதும் இனிய தட்பவெப்பம்" என்ற வரியைப் பார்த்தால் தயங்காமல் அடித்துவிடலாம். மழை எந்த மாதங்களில் வருகிறது, புயல் எப்போது வரக்கூடும் என்பவைதான் வேண்டிய செய்திகள்.

இல்லாமல் போனவற்றையும் எழுதவேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்குமாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அலைத்தடுப்பு போனது முக்கியக் காரணம். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டதை இந்தச் செய்திக்கு அடுத்து வைத்தால்தான், காப்பு எதற்காக வந்தது என்பது வாசகருக்கு விளங்கும்.

புராணமும் புயலும்

நம்பிக்கையை எழுதும் இடத்தில் மரபின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்: "ராமாயண மரபின்படி" என்று ஒரு தொடர் போதும். பிறகு, அரிச்சல்முனைக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே உள்ள திட்டுகள் மணலாலும் சுண்ணாம்புப் பாறையாலும் ஆனவை என்ற நிலவியல் செய்தியைத் தனி வாக்கியமாக எழுதுங்கள். ராமர் பாலம், ஆதாம் பாலம் ஆகிய இரு பெயர்களையும் தாருங்கள். ஒன்றை மற்றொன்றால் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முயல்வது வேறு வகை எழுத்து.

1964 டிசம்பர் 22 இரவின் புயலைப் பற்றி எழுதாத தனுஷ்கோடிக் கட்டுரை கிடையாது. பலவற்றில் அது திரைப்படக் காட்சியாகிவிடுகிறது. நடந்ததைச் சொன்னாலே நெஞ்சு அடைக்கும்: பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் பொங்கி அதை அடித்துச் சென்றது, ஒருவரும் பிழைக்கவில்லை. ரயிலில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது; பயணச்சீட்டு வாங்காதவர்களையும் சேர்த்து 200 வரை மதிப்பிடுபவர்களும் உள்ளனர். இரண்டையும், வேறுபாட்டுக்கான காரணத்தோடு எழுதவேண்டும். சேதமடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்ததையும் விடக்கூடாது. ஆனால் "பேய் நகரம்" என்ற பட்டத்தை மட்டும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்து, வலை விரித்துத் தொழில் செய்கிறார்கள்.

அங்கே வாழ்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

எல்லாம் எழுதி முடித்த பிறகு செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கட்டுரையிலிருந்து விருந்தாளிகளை நீக்கிவிட்டுப் பாருங்கள்: விடுதி, படகுச் சவாரி, பார்க்கவேண்டிய இடங்கள் எல்லாம் போனபின் அந்தத் தீவில் யாராவது மிஞ்சுகிறார்களா? குடிநீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள், எதை விற்று அரிசி வாங்குகிறார்கள் என்பவை இருக்கின்றனவா? லட்சத்தீவுக் கட்டுரையில் மினிக்காய் மக்கள் பேசும் மகல் மொழி, மற்றத் தீவுகளின் மலையாளத்திலிருந்து வேறுபட்டு மாலத்தீவின் திவேகியோடு உறவுடையது என்ற செய்தி வந்திருக்கவேண்டும். ராமேசுவரக் கட்டுரையில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடப்பில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலமும், விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களும், பாசி எடுக்கக் கடலுக்குள் முங்கும் பெண்களும் வந்திருக்கவேண்டும்.

எங்கள் ராமேசுவரக் கட்டுரையின் நான்காம் திருத்தத்தை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் தீவுக்குப் போயிருந்தேன். கடற்கரையில் பாசியைக் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் முதல் பத்தியை மெதுவாக வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார். "ராமேசுரத்துப் பொம்பளைங்க பாசி எடுக்குறாங்கன்னா எழுதியிருக்கீக? நாங்க தங்கச்சிமடம்ணே. அதை மாத்தி எழுதுங்க" என்றார். எல்லையைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்திய நானே, நகரத்தின் பெயரைத் தீவுக்குப் போட்டு எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து அங்கேயே மாற்றினேன். அடுத்த வாக்கியத்தைப் படிக்கச் சொன்னார்.